மழைக்காலத்து முட்டையும் புறக்கடையின் வரலாறும்

நம்முடைய வரலாற்றை எழுத உட்காருகிறவர்கள் நிலத்தில் தொடங்குவார்கள். கோயில் நுழைவில் தொடங்குவார்கள். கொளுத்தப்பட்ட குடிசையில் தொடங்குவார்கள். தொடங்கத்தான் வேண்டும். கோழியில் தொடங்கினால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சேரியில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும், ஒரு பெட்டைக்கோழி எத்தனை பேருக்குச் சோறு போட்டிருக்கிறது, எத்தனை பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கியிருக்கிறது என்று.

பழவேற்காடு ஏரியின் மேற்குக் கரையில், கும்மிடிப்பூண்டி வட்டத்தில், ஆந்திர எல்லையை ஒட்டி சுண்ணாம்புக்குளம் இருக்கிறது. சுற்றிலும் மீன்பிடிக் குப்பங்கள், இருளர் குடிசைகள், காலனிகள். மனைப்பட்டாவுக்கு மனு எழுதுவதற்காக ஏரிக்கரைக் காலனி ஒன்றுக்குப் போயிருந்தேன். ஐப்பசி கடைசி. மூன்று நாளாக விடாத மழை. பெயர், வயது, எத்தனை வருஷமாகக் குடியிருப்பு என்று நான் கேட்டுக்கொண்டிருக்க, எழுபதைத் தாண்டிய ஆயா ஒருத்தி மனுவைக் கவனிக்கவேயில்லை. திண்ணையில் பனஞ்சட்டத்தால் உயர்த்திக் கட்டிய கூட்டுக்குள் கையை விட்டு, ஒவ்வொரு கோழியாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா ஆயா, மழையில கோழி முட்ட வுடுதா?" என்றேன்.

"யாரு சொன்னா வுடாதுன்னு? வயிறு ரொம்பணும். காலு நனயக் கூடாது. ரெண்டும் இருந்தா அது பாட்டுக்கு வுடும். நீ கூடத்தான் கண்ணு, வயிறு காஞ்சி ஈரத்துல நின்னா மனு எழுதுவியா?"

கால்நடைப் பல்கலைக்கழகத்துப் புத்தகம் பல பக்கத்தில் சொல்வதை ஆயா இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். பிறகு அவர் சொன்னதுதான் என்னை இந்தக் கட்டுரைக்குக் கொண்டுவந்தது: "பட்டா குடுக்கறவன் மூணு சென்ட்டு குடுப்பான். அதுல நான் படுத்துக்குவேன். கோழி எங்க படுக்கும்னு அந்த மனுவுல எழுது."

எழுதினேன். மனுவில் எழுதிய ஒரு வரி போதாது. அதன் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது.

*

ஊர்ப்பெயரிலேயே சுண்ணாம்பு இருக்கிறது. பழவேற்காடு ஏரி உப்பும் நன்னீரும் கலந்த காயல். இந்தியாவில் சிலிக்காவுக்கு அடுத்த பெரிய உப்பங்கழி இது. அதன் அடிச்சேற்றில் செத்துப்போன மட்டிகளின் ஓடு பல நூற்றாண்டுகளாகப் படிந்து கிடக்கிறது. அந்தக் கிளிஞ்சலை வாரி, அலசி, காளவாயில் சுட்டால் சுண்ணாம்பு. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கிளிஞ்சல் வாரியதும் காளவாய்ச் சூட்டில் வெந்ததும் யார் என்று கேட்கவே வேண்டாம். ஊர் தன் கையால் செய்யாத வேலை எதுவோ அது சேரியின் வேலை, இருளரின் வேலை.

இந்தக் கரையோரத்துக் கிளிஞ்சலும் விறகும் உப்பும் சென்னைப் பட்டணத்துக்குக் கால்வாய் வழியே போயின. 1801-இல் காக்ரேன் கால்வாய் என்ற பெயரில் வெட்டத் தொடங்கி, முதலில் எண்ணூர் வரைக்கும், பிறகு பழவேற்காடு வரைக்கும், அதற்கும் வடக்கே ஆந்திரக் கரைக்கும் நீட்டினார்கள். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் செத்தது போக மிஞ்சியிருந்த கூலிகளைக் கொண்டு கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டை வெட்டி முடித்து, 1878-இல் கவர்னர் பெயரால் பக்கிங்காம் கால்வாய் என்று பெயர் வைத்தார்கள். 1877-இல் நிவாரணக் கூலி ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் தானியம் போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் துரை குறைத்த காலம் அது. வெட்டியவன் பெயர் கால்வாய்க்கு இல்லை. வெட்டச் சொன்னவன் பெயர் இருக்கிறது.

பட்டணம் போய்ச் சேர்ந்த கிளிஞ்சல் சுண்ணாம்பு என்ன ஆனது? பளிங்கு மாதிரி பளபளக்கும் சுவராக, தூணாக ஆனது. 'மெட்ராஸ் சுண்ணாம்பு' என்றால் ஐரோப்பா வரைக்கும் பேர்போன பூச்சு. அந்தப் பூச்சின் பக்குவத்தை ஐசக் பைக் என்ற ஆங்கிலேயர் எழுதி, 1732 வாக்கில் லண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டில் வெளியானது. கிளிஞ்சல் சுண்ணாம்பு, மணல், வெல்லத் தண்ணீர், நெய், தயிர், அப்புறம் முட்டையின் வெள்ளைக்கரு. வெள்ளைக்கருவைச் சுண்ணாம்போடு குழைத்துக் கடைசிப் பூச்சாகப் பூசி, கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். செட்டிநாட்டு வீடுகளின் சுவர்களிலும் இதே வெள்ளைக்கருதான். இன்றைக்கும் சுற்றுலா வருகிறவர்கள் கன்னத்தை வைத்து அதன் குளிர்ச்சியை வியக்கிறார்கள்.

பக்குவத்தை எழுதிய துரை முட்டைக் கணக்கை எழுதினார். அது யார் வீட்டுக் கோழி போட்ட முட்டை என்று எழுதவில்லை. சுண்ணாம்பை வாரியவர்களையும் எழுதவில்லை. கோட்டையும் மாளிகையும் நம்முடைய கிளிஞ்சலாலும் நம்மைப் போன்றவர்கள் வீட்டுக் கோழியின் கருவாலும் மின்னின. நமக்கு மண்சுவர்.

கிளிஞ்சலும் முட்டை ஓடும் வேறுவேறு பொருள் இல்லை. இரண்டும் கால்சியம் கார்பனேட். முட்டை ஓட்டில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் அதுதான். ஏரியின் அடியில் மட்டி தன் உடம்பைக் காக்கக் கட்டிய சுவரும், கோழி தன் குஞ்சைக் காக்கக் கட்டும் சுவரும் ஒரே சுண்ணாம்பு. சுண்ணாம்புக்குளத்துப் பெண்கள் கிளிஞ்சலை இடித்துக் கோழிக்கு வைத்தபோது அறிவியல் பாடம் படித்துவிட்டு வைக்கவில்லை. தோல்முட்டை விட்ட கோழியைப் பார்த்துத் தெரிந்துகொண்டு வைத்தார்கள்.

*

கோழிக்கும் நமக்கும் உள்ள உறவைச் சாஸ்திரமும் எழுதி வைத்திருக்கிறது. மனு தர்ம சாஸ்திரத்தின் 5-ஆவது அத்தியாயம், ஊர்க்கோழியையும் ஊர்ப்பன்றியையும் தெரிந்தே தின்கிற இருபிறப்பாளன் சாதியிலிருந்து விழுந்துவிடுவான் என்கிறது. 3-ஆவது அத்தியாயம் இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறது. பிராமணன் சாப்பிடும்போது யார் யார் கண் படக்கூடாது என்று ஒரு பட்டியல் போடுகிறது. அதில் சண்டாளன், பன்றி, சேவல், நாய், மாதவிலக்கான பெண் எல்லாரும் ஒரே வரிசை. நம்மையும் சேவலையும் நம் வீட்டுப் பெண்களையும் ஒரே மூச்சில் தள்ளி வைத்தவன் மனு. எனவே நாம் மூன்று பேரும் கூட்டாளிகள் என்று ஒப்புக்கொள்வதில் நமக்கு வெட்கமில்லை.

அதற்கு முந்திய தமிழில் கோழிக்கு இந்தத் தீட்டு இல்லை. முருகன் கொடியில் சேவல். சோழர் தலைநகரான உறையூருக்குக் கோழி என்றே பெயர். ஒக்கூர் மாசாத்தியார் என்ற பெண் புலவர், அந்தி நேரம் வேலியோரம் காட்டுப்பூனை வந்ததும் பதறிப்போய்த் தன் குஞ்சுகளைக் கூவி அழைக்கும் வீட்டுக்கோழியைக் குறுந்தொகைப் பாட்டில் வைத்தார். ஈராயிரம் வருஷம் போய்விட்டது. இன்றும் ஏரிக்கரைக் காலனியில் பொழுது சாய்ந்தால் கோழியை எண்ணி அடைக்கிறவள் பெண்தான். ரெட்டமலை சீனிவாசன் பிறந்த ஊரின் பெயர் கோழியாளம். அதுவும் அன்றைய செங்கல்பட்டுச் சீமைதான்.

தீட்டு என்றார்களே தவிர, கோழியை விட்டுவைத்தார்களா? சேரிக்கோழியை வாங்கித் தின்ற ஆதிக்க சாதிகள் ஏராளம். வாங்கி என்று எழுதுவதுகூடத் தப்பு. துரைமாரும் தாசில்தாரும் கிராமத்தில் கேம்ப் போட்டால் பாலும் விறகும் கோழியும் முட்டையும் கிராமத்திலிருந்து போகும். மணியக்காரர் உத்தரவு போடுவார். வெட்டியான் சேரிக்கு வந்து கூடையைத் திறப்பான். அவனும் நம் ஆள்தான். சொன்னதைச் செய்யாவிட்டால் அவன் முதுகு தாங்காது. பொங்கல் வந்தால் பண்ணை வீட்டுக்குக் கோழியும் பூசணிக்காயும் கொண்டுபோய் வாசலில் வைக்க வேண்டும். மேல்சாதிக்காரர் பெட்டைக்கோழியை வாரத்துக்கு விடுவார். தீனி நம்முடையது. காவல் நம்முடையது. குஞ்சில் பாதி அவருடையது. கோழி செத்துப்போனால் கோழிக்கான பொறுப்பு நம்முடையது.

"எங்கம்மா நாலு முட்டய அரிசிப் பானையில ஒளிச்சி வெப்பாங்க. ஆளு வந்தா 'இன்னிக்கி வுடலீங்க' ன்னு சொல்லுவாங்க. அந்தப் பொய்யில நான் ஒரு பாவாட கட்னேன்" என்றார் ஆயா. இந்தப் பொய்யை எந்த வரலாற்றாசிரியன் ஆவணம் என்று ஏற்பான்? நாம் ஏற்கிறோம்.

பெட்டைக்கோழி கூவிப் பொழுது விடியுமா என்று பழமொழி சொல்கிறது. கூவி விடியாது. முட்டை விட்டு எத்தனையோ வீட்டில் பொழுது விடிந்திருக்கிறது. ஆம்பளை கையில் காசு இருந்தால் அது எங்கே போகும் என்று நமக்குத் தெரியும். முட்டைக்காசு மட்டும் பெண்ணின் முந்தானை முடிச்சில் நின்றது. ஐப்பசி கார்த்திகையில் கழனி வேலை நின்று போகும். காற்றும் வெள்ளமும் சேர்ந்தால் ஏரியில் இறங்க முடியாது. அந்த இரண்டு மாதத்தில் கோழியும் நின்றுவிட்டால் வட்டிக்காரன் வாசலைத் தவிர வேறு வாசல் கிடையாது. மழைக்காலத்தில் கோழி முட்டை விடுவது என்பது ருசிப் பிரச்சினை இல்லை. கடன் வாங்காமல் தை மாசத்தைத் தொடுகிற பிரச்சினை.

*

கோழி ஏன் மழையிலும் பனியிலும் முட்டையை நிறுத்துகிறது? இதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்துவைத்திருப்பதை எழுதிவைக்கவும் வேண்டும்.

முதல் காரணம் வெளிச்சம். பகல் நீளும்போது முட்டை, பகல் சுருங்கும்போது ஓய்வு என்பது கோழியின் உடம்பில் எழுதியிருக்கிறது. வெளிச்சம் கண் வழியாக மட்டும் போவதில்லை. மண்டையோட்டைத் தாண்டி மூளைக்குள்ளேயே அதை உணரும் அணுக்கள் பறவைக்கு உண்டு. இங்கிலாந்தில் மார்கழிப் பகல் எட்டு மணி நேரத்துக்குக் கிட்டத்தான். அங்கே விளக்குப் போடாவிட்டால் கோழி நின்றுவிடும். நம்முடைய ஏரிக்கரையில் மிகக் குறைந்த பகலே சுமார் 11 மணி 20 நிமிஷம். மிக நீண்ட பகல் 13 மணிக்குக் கொஞ்சம் குறைவு. வித்தியாசம் ஒன்றரை மணி நேரம். எனவே நமக்கு வெளிச்சம் பாதிக் காரணம்கூட இல்லை. மேகம் மூடிய நாளில் கோழியை இருட்டுக் கூட்டிலேயே அடைத்து வைக்காமல், தாழ்வாரத்திலாவது விட்டால் போதும். நாமக்கல் பண்ணைகளில் 16 மணி நேரம் வெளிச்சம் கொடுப்பது வேறு இனத்துக்கு, வேறு கணக்குக்கு. வருஷத்துக்கு 300-க்கு மேல் முட்டை பிழியும் கணக்கு அது. நம் நாட்டுக்கோழி வருஷத்துக்கு 60 சொச்சம் விடும். ஆனால் தானே தேடித் தின்னும், தானே அடைகாக்கும், கழுகைக் கண்டால் தானே ஒளியும்.

இரண்டாவது காரணம் இறகு. வயதான கோழி புரட்டாசிக்கு மேல் இறகு கொட்டும். இறகு முழுக்கப் புரதம். உடம்புக்கு வருகிற சத்தெல்லாம் புது இறகுக்குப் போனால் முட்டைக்கு மிச்சமில்லை. இதற்கு ஆயா சொன்ன வழி இரண்டு. ஒன்று, வயது. தை மாசியில் பொரித்த குஞ்சு ஆறேழு மாதத்தில், ஆவணி புரட்டாசியில் வெடைக்கோழியாகி முதல் முட்டைக்கு நிற்கும். முதல் வருஷக் கோழி பெரும்பாலும் இறகு கொட்டாது. மழை முழுக்க விடும். "கெழவிய நம்பாத, கொமரிய நம்பு" என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். உலகம் முழுக்க கோழி வளர்ப்பவர்கள் சொல்வதும் இதேதான்: குளிருக்கு முன்னால் பருவம் வந்த இளம் கோழியை வைத்துக்கொள்.

இரண்டாவது, கூனி. ஏரியில் கிடைக்கும் பொடி இறாலை உப்புப் போடாமல் ஆவணி வெயிலிலேயே காயவைத்துப் பானையில் கட்டிவைக்க வேண்டும். ஐப்பசியில் காயவைக்க வெயில் கிடையாது. தவிடு, நொய், கேழ்வரகோடு ஒரு பிடி கூனித்தூள் கலந்தால் இறகுக்கும் ஆச்சு, முட்டைக்கும் ஆச்சு. உப்புக் கருவாட்டுத் தலையைத் தூளாக்கி வைக்கிறவர்கள் உண்டு. வைக்கக் கூடாது. அதிக உப்பு கோழியைக் கொல்லும்.

மூன்றாவது காரணம் சுண்ணாம்பு. நாட்டுக்கோழி முட்டை 40 கிராம் சொச்சம். அதில் பத்தில் ஒரு பங்கு ஓடு. கோழியின் உடம்பு முழுக்க இருக்கும் கால்சியமே 20 கிராம் அளவுதான். தீனியில் சுண்ணாம்பு இல்லாவிட்டால் கோழி தன் எலும்பைக் கரைத்து ஓடு கட்டும். அதுவும் தீர்ந்தால் தோல்முட்டை. அப்புறம் நிறுத்தம். பிள்ளை பிள்ளையாகப் பெற்று நாற்பது வயதில் முதுகு வளைந்த நம் பெண்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டாம். ஒரு முட்டை உருவாக 25 மணி நேரம் ஆகிறது. அதில் 20 மணி நேரம் ஓடு கட்டும் வேலை. பெரும்பாலும் இரவில். அதனால் கிளிஞ்சல் நொறுக்கைச் சாயங்காலம் வைப்பது நல்லது. அரிசிக் குருணை அளவுக்கு நொறுக்கித் தனிச் சட்டியில் வைத்தால் வேண்டியதைக் கோழியே பொறுக்கிக்கொள்ளும். பச்சைக் கிளிஞ்சல்தான் வைக்க வேண்டும். காளவாயில் சுட்ட சுண்ணாம்பை வைத்தால் குடல் வெந்துவிடும்.

நான்காவது ஈரம். நனைந்த தரையில் நிற்கும் கோழி தின்னும் தீனியைச் சூட்டுக்கே செலவழிக்கும். எச்சமும் ஈரமும் சேர்ந்தால் கண்ணைக் கரிக்கும் காற்று, சளி, குடற்புழு. தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு எழுப்பிய கூடு, உள்ளே ஏறி உட்காரக் கழி, அடியில் காய்ந்த மணலும் அடுப்புச் சாம்பலும், மேலே ஓலையும் கிழிந்த வலையும். மண்ணில் புரள முடியாத காலத்தில் ஒரு பழைய கூடையில் சாம்பலும் மணலும் கொட்டி வைத்தால் அதில் புரண்டு பேனை உதிர்த்துக்கொள்ளும். மழைக்கு முன்னாலேயே குடற்புழு மருந்து கொடுத்துவிட வேண்டும்.

ஐந்தாவது அடை. பன்னிரண்டு, பதினைந்து முட்டை விட்டதும் நாட்டுக்கோழி அடைக்கு உட்காரும். மழையில் பொரித்த குஞ்சு நனைந்து செத்துப்போகும். எனவே மழைக்கால முட்டை விற்கவும் தின்னவும்தான், அடைக்கு இல்லை. அடைக்கோழியைத் தண்ணீரில் முக்குவார்கள், மூக்கில் இறகு குத்துவார்கள். இதெல்லாம் கொடுமை, தேவையும் இல்லை. அடியில் காற்றுப் புகும்படி உயர்த்திய கூடையில், மெத்தென்று எதுவும் போடாமல், வெளிச்சத்தில் மூன்று நான்கு நாள் வைத்துத் தீனியும் தண்ணீரும் கொடுத்தால் அடை தெளிந்துவிடும். கொஞ்ச நாளில் மறுபடி முட்டைக்கு வரும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. வெள்ளைக்கழிச்சல் வந்தால் இந்தப் பக்குவமெல்லாம் ஒரே வாரத்தில் குப்பைமேடு. இந்தியாவில் 1927-இல் ராணிக்கெட் என்ற மலையூரில் கண்டதால் அந்த ஊர்ப் பெயரே நோய்க்கு வந்தது. 1940களில் முக்தேஸ்வரில் தடுப்பூசி செய்தார்கள். தமிழ்நாட்டில் ராணிப்பேட்டையில் 1932 முதல் இருக்கிற நிலையம் கால்நடைத் தடுப்பூசிகள் தயாரிக்கிறது. ஊசி போட ஆள் வராத சேரிகளுக்காகத் தீனியோடு கொடுக்கும் குருணை மருந்தையும் நம் கால்நடைப் பல்கலைக்கழகமே செய்திருக்கிறது. மருந்து இருக்கிறது. அது காலனிக்கு வந்து சேருகிறதா என்பது மருத்துவக் கேள்வி இல்லை, சாதிக் கேள்வி. ஊர்த்தெருவில் முகாம் போட்டு, காலனிக்காரர்கள் கோழியைத் தூக்கிக்கொண்டு அங்கே வரட்டும் என்றால், வருவார்களா?

*

இப்போது ஆயாவின் கேள்விக்கு வருகிறேன். கோழி எங்கே படுக்கும்?

அரசு ஏடுகளில் இதற்குப் பெயர் புறக்கடைக் கோழி வளர்ப்பு. நல்ல தமிழ். ஆனால் புறக்கடை என்று ஒன்று இருந்தால்தானே புறக்கடைக் கோழி?

திருவள்ளூர் மாவட்டம் 1997-இல் பிரிந்தது. அதற்கு முன் பொன்னேரிப் பகுதி செங்கல்பட்டு ஜில்லா. அது மிராசு ஜில்லா. கழனி மட்டுமல்ல, சேரி இருக்கும் நத்தமும் தன்னுடையது என்று மிராசுதாரன் சொல்வான். அவன் சொன்னால் மறுநாள் குடிசையைப் பிரித்துக்கொண்டு போக வேண்டும். கூலி கூடக் கேட்டால் போ. பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை அனுப்பினால் போ. 1891-இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் பறையர் நிலைமை பற்றி எழுதிய அறிக்கை இதையெல்லாம் சொல்லிற்று. அதன் விளைவாக 1892 செப்டம்பர் 30-இல் 1010-ஆம் எண் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் வந்தது. வந்த நிலம் எப்படிக் கைமாறிப் போனது என்று இந்தப் பத்திரிகை வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதைத் திரும்பக் கேட்டதற்காகத்தான் 1994 அக்டோபர் 10-இல் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் விழுந்தார்கள்.

1920-இல் லேபர் கமிஷனர் பதவி வந்த பிறகு ஆதிதிராவிடருக்கு வீட்டுமனை வாங்கிக் கொடுக்கும் வேலை தொடங்கிற்று. அதற்கும் தவணை கட்டினோம். 1978-இல் மனை எடுக்கத் தனிச் சட்டம் வந்தது. தொகுப்பு வீடு வந்தது. மூன்று சென்ட் பட்டா வந்தது. மூன்று சென்ட் என்றால் 1300 சதுர அடி. நடுவில் வீடு, ஓரத்தில் கழிப்பறை, சுற்றிலும் அடுத்த வீட்டுச் சுவர். ஊர்க்காரர்களுக்குக் கொல்லை இருக்கிறது, களம் இருக்கிறது, மாட்டுக்கொட்டாய் இருக்கிறது. நம் கோழிக்கு ரோடு இருக்கிறது. அது ஊர்க் களத்தில் நாலு நெல்லைக் கொத்திவிட்டால் அதற்கு ஒரு பஞ்சாயத்து. கோழி எல்லை தாண்டியதற்கு மனுஷனை அடித்த கதை நம் ஒவ்வொரு சேரியிலும் ஒன்று இருக்கிறது.

தண்ணீரும் இப்படித்தான். ஏரியில் இறால் விழும் நல்ல இடங்களை முறை வைத்துப் பங்கு போடும் பாட்டு முறை பரம்பரையாகப் பட்டினவர் குப்பங்களின் உரிமை. தலித் மீனவருக்கும் இருளருக்கும் பாடு கிடையாது. இருளப் பெண்கள் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். பட்டினவரும் நம்மைப் போல் ஒடுக்கப்பட்டவர்தானே என்று தோழர்கள் சொல்வார்கள். இருக்கலாம். பாட்டில் பங்கு கேட்டுப் பாருங்கள், அப்போது தெரியும். நிலத்திலும் இல்லை, நீரிலும் இல்லை என்றானபோது மிஞ்சியது கோழி. கோழியின் கால் ஊன்றும் இடமும் இப்போது இல்லை.

*

நமக்குக் கோழி அறிவு யாரும் கற்றுக்கொடுத்ததில்லை என்று சொல்லவில்லை. கற்றுக்கொடுத்தவர்களை நினைக்கத்தான் வேண்டும். வட ஆர்க்காட்டில் அமெரிக்க ஆர்க்காடு மிஷனின் கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் நம் மக்கள். அவர்களை மனதில் வைத்துக் காட்பாடியில் நடந்த வேளாண் நிலையம், ஜே.ஜே. டிவாலுவா காலத்தில் கோழி வளர்ப்பை முக்கிய வேலையாக எடுத்துக்கொண்டது. அன்றைய திருவிதாங்கூரில் இருந்த மார்த்தாண்டத்தில், 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் நடத்திய ஒய்.எம்.சி.ஏ. கிராமச் சீரமைப்பு நிலையம், தனித்தனியாக விற்று ஏமாந்த முட்டையைக் கூட்டுறவாக விற்க வைத்தது. நிலம் இல்லாதவனுக்கும் கோழி சாத்தியம் என்று அவர்கள் கண்டார்கள். ஆனால் நிலத்தைக் கேட்க அவர்கள் சொல்லித்தரவில்லை. அதை அம்பேத்கர்தான் சொல்லித்தர வேண்டியிருந்தது.

பிறகு முட்டை நாமக்கல்லுக்குப் போயிற்று. ஒயிட் லெக்கார்னும் கூண்டும் மக்காச்சோளமும் வந்தன. முட்டைக்குத் தினசரி விலை வந்தது. முட்டை மலிந்தது நல்லதுதான். நம் பிள்ளைகளின் தட்டிலும் வந்து விழுந்தது. 1982-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவில் 1989-இல் கலைஞர் ஆட்சி இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்த்தது. 2010-இல் அது வாரம் ஐந்தாயிற்று. சில மாநிலங்களில் பள்ளிப் பிள்ளைக்கு முட்டை கொடுக்கலாமா கூடாதா என்று மடாதிபதிகள் தீர்ப்புச் சொல்லும் நாட்டில், இது பெரிய காரியம். மனுவின் 5-ஆவது அத்தியாயத்தைத் தமிழ்நாடு சத்துணவுக் கூடத்தில் வைத்து அவித்துவிட்டது.

ஆனால் ஒன்றைக் கேட்போம். அந்த முட்டைகளை டெண்டர் எடுத்தவர்கள் லாரியில் கொண்டுவருகிறார்கள். சுண்ணாம்புக்குளத்துப் பள்ளிக்கூடத்துத் தட்டில் விழும் முட்டைக்கும் சுண்ணாம்புக்குளத்துக் கோழிக்கும் சம்பந்தமில்லை. வாரத்தில் ஒரு நாள் முட்டையை, ஒரே ஒரு நாள் முட்டையை, காலனிப் பெண்களின் குழுவிடம் வாங்கினால் என்ன? மழைக்கால இரண்டு மாதத்துக்காவது வாங்கினால் என்ன? கிராமப் பெண்களுக்குக் கோழிக்குஞ்சு கொடுக்கும் திட்டங்கள் வருகின்றன. குஞ்சு கொடுக்கிற அரசு முட்டை வாங்க ஏன் தயங்குகிறது?

வெள்ளத்திலும் இதே கணக்குதான். 1984 நவம்பரில் ஸ்ரீஹரிகோட்டா பக்கம் கரைகடந்த புயல், 2015 வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம். ஒவ்வொன்றிலும் முதலில் போனது கோழிதான். பரணில் ஏற்ற முடிந்தது பிள்ளைகளை மட்டும். 2022-இல் வந்த மத்திய அரசின் பேரிடர் நிவாரண விதிப்படி செத்த கோழி ஒன்றுக்கு 100 ரூபாய். முட்டை விடும் ஒரு நாட்டு வெடைக்கோழியைச் சந்தையில் அந்தக் காசுக்கு யார் தருவார்? அந்த நூறையும் வாங்க, கோழி செத்ததற்குச் சாட்சி வேண்டும். தண்ணீர் அடித்துக்கொண்டு போன கோழியின் பிணத்தை எங்கே போய்த் தேடுவது?

அந்த மனுவில் ஆயா சொன்ன வரியோடு நான் மூன்று கோரிக்கைகளைச் சேர்த்து எழுதினேன். மனை ஐந்து சென்ட்டாக வேண்டும், புறக்கடையோடு. அல்லது காலனிக்குப் பொதுவாக வேலி போட்ட மேட்டு நிலம் வேண்டும். மழைக்கு முன் தடுப்பு மருந்தும் புழு மருந்தும் காலனி வாசலுக்கே வர வேண்டும். சத்துணவுக்கு எங்கள் முட்டையையும் எடுக்க வேண்டும். மனுவை வாங்கிய அலுவலர் படித்துவிட்டு, "பட்டா மனுவுல கோழியெல்லாம் எதுக்குங்க?" என்று கேட்டார். கைநாட்டு வைக்க வந்திருந்த ஆயா நின்ற இடத்திலிருந்தே பதில் சொன்னார்:

"கோழி இல்லன்னா அந்த மூணு சென்ட்ட வித்துத்தான் சார் நாங்க துன்னணும்."

நிலத்தைப் பற்றி இயக்கங்கள் எழுதிய அறிக்கைகளை நான் நிறையப் படித்திருக்கிறேன், சிலதை எழுதியும் இருக்கிறேன். பஞ்சமி நிலம் எப்படிக் கைவிட்டுப் போயிற்று என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் கேட்டதில்லை. மழைக்காலத்தைக் கடக்க ஒரு வழி இல்லாதவன் நிலத்தை எழுதிக் கொடுத்தான். அந்த வழி ஒரு காலத்தில் அவன் பெண்டாட்டியின் கூடைக்குள் இருந்தது. அதை அதிகாரிக்கும் பண்ணைக்கும் வாரத்துக்கும் வெட்டிக்கும் பிடுங்கினார்கள்.

மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை. தை வந்தால் ஆயா குஞ்சு பொரிக்க வைப்பார். அந்தக் குஞ்சுகள் அடுத்த ஐப்பசியில் முட்டைக்கு நிற்கும். அதற்குள் அவை படுக்க இடம் கேட்டு இன்னொரு மனு எழுத வேண்டும். இந்த முறை காலனி முழுக்கக் கைநாட்டோடு, கோழியையும் கையில் பிடித்துக்கொண்டு போவது என்று பெண்கள் முடிவு செய்திருக்கிறார்கள்.